புனலில் கோளாறா, குப்பியில் கோளாறா? வீட்டில் ஜாம், ஊறுகாய், தேன் அடைப்பவர்களுக்கு

சக்கையும் (பலா) அன்னாசியும் ஒன்றாக வரும் மாதங்களில் குமரி மாவட்டத் தக்கலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு யாராவது ஒருவர் புனலைக் கையில் தூக்கிக்கொண்டு வருவார். "மைனி, இதுல ஊத்துனா இறங்கவே மாட்டேங்குது." "அக்கா, வாங்கி ஒரு மாசம் ஆகல, துரு பிடிச்சாச்சு." நான் பாத்திரக்கடைக்காரியும் இல்லை, பட்டறைக்காரியும் இல்லை. வீட்டில் அடைத்து அடைத்துக் கெடுத்து, கெட்டதற்குக் காரணம் தேடித் தேடிப் பழகியவள். புனல் மேல் வரும் புகாரில் பெரும்பகுதி குப்பியின் வாயை அளக்காமல் வாங்கியதால் வருவது. ஆகவே புதுப் புனலுக்குக் காசு எடுத்து வைக்கும் முன் கீழே உள்ளதைப் பார்த்துவிடுங்கள்.

கையில் ஒரு ஸ்கேல், ஒரு காந்தம், ஒரு டார்ச் இருக்கட்டும். வேறு கருவி வேண்டாம்.

கீழே இரண்டு வகைப் புனலைப் பற்றிச் சொல்வேன். எண்ணெய், வினிகர், தேன் ஊற்றுகிற நீண்ட மூக்குப் புனல் ஒன்று. ஜாம், ஊறுகாய்க்கான குட்டையான, அகல மூக்குப் புனல் இன்னொன்று. முதல் வகையை வைத்து இரண்டாவது வேலையைச் செய்வதுதான் பாதித் தொல்லைக்கு மூலம்.

## ஊற்றியது இறங்காமல் நிற்கிறது

### தண்ணீர் போல் இருக்கும் பொருள்: வினிகர், சர்பத், எண்ணெய்

முதலில் புனலைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். 'களக்' என்று சத்தம் வந்து சட்டென்று இறங்கினால் புனலில் ஒரு குறையும் இல்லை. குப்பியின் வாயை மூக்கு இறுக அடைத்துவிட்டது, உள்ளே இருக்கிற காற்றுக்கு வெளியே வர வழி இல்லை. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே சுத்தமான ஒரு ஈர்க்குச்சியைச் செருகுங்கள், போதும். மூக்கின் வெளிப்புறத்தில் நீளவாக்கில் வரம்பு வைத்த புனல்கள் இந்தக் குச்சி வேலையைத் தாமே செய்யும். அடுத்த முறை வாங்கும்போது அதைத் தேடுங்கள்.

தேங்காய் எண்ணெய் என்றால் இன்னொன்றும் உண்டு. 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். மார்கழி விடிகாலையில் ஊற்ற உட்கார்ந்து, புனல் அடைத்துவிட்டது என்று கம்பியால் குத்திக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். வெயில் ஏறட்டும், பிறகு ஊற்றலாம்.

### துண்டு உள்ள பொருள்: மாங்காய், நார்த்தங்காய், ஜாதிக்காய்

உங்கள் துண்டிலேயே பெரியதை எடுத்து மூக்கின் உள்விட்டத்தோடு அளந்து பாருங்கள். மூக்கு அதைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ஒரு துண்டு தனியாகப் போகும். மூன்று துண்டு ஒன்றாக வந்தால் தோளோடு தோள் சேர்ந்து பாலம் போட்டுவிடும். 15 மி.மீ. மாங்காய்த் துண்டுக்கு 45 மி.மீ. மூக்கு வேண்டும், அது அகல மூக்குப் புனலில்தான் கிடைக்கும்.

காசில்லாத வழி: துண்டுகளைக் கரண்டியால் போட்டுவிட்டு, சாற்றை மட்டும் புனலில் ஊற்றுங்கள். காந்தாரி மிளகாயை வினிகரில் போடும்போது நான் இன்றும் இப்படித்தான் செய்கிறேன். அகல மூக்குப் புனலைக் கையில் வைத்துக்கொண்டே.

### தேன்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மார்த்தாண்டம் சுற்றிலும் எடுக்கிற தேனில் பெரும்பகுதி ரப்பர் மரத்துத் தேன். இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் காலத்தில் இலைக்காம்பு ஓரத்தில் சுரப்பதைத் தேனீ எடுத்து வருகிறது. இந்தத் தேனுக்குச் சீக்கிரம் உறையும் குணம். மற்ற ஊர்க்காரர்கள் எழுதி வைத்த தேன் குறிப்பை அப்படியே பின்பற்றினால் நமக்கு உதைக்கும்.

வலை வைத்த புனலில் தேன் நின்றுவிட்டால் வலையைக் கழற்றி விரலால் தடவுங்கள்.

- மெழுகுத் துணுக்கு ஒட்டினால்: வலை ரொம்ப நெருக்கம். முதலில் சாதாரண டீ வடிகட்டி அளவு வலையில் ஒரு தடவை, பிறகு நெருக்கமான வலையில் ஒரு தடவை. ஒரே தடவையில் முடிக்கப் பார்த்தால் இரவெல்லாம் உட்கார வேண்டும்.
- மணல் போல் நெருடினால்: தேன் உறையத் தொடங்கியிருக்கிறது. தேன் பாத்திரத்தை வெந்நீரில் வைத்து இளக்குங்கள். தண்ணீர் கை வைத்தால் தாங்கும் சூடு, அதற்கு மேல் வேண்டாம். அடுப்பின் மேல் நேரடியாக வைக்கவே வேண்டாம்.
- இரண்டும் இல்லை, சும்மாவே மெதுவாகப் போகிறது என்றால்: மூக்கு ஒல்லி. 10 மி.மீ. உள்விட்டத்துக்குக் கீழே இருந்தால் தேனுக்கு ஆகாது.

ஊற்றியபின் குப்பிக்குள் நுரை நிறைய நின்றால் தேனை நடுவில் விழவிடாமல் புனலின் சுவரோரமாகச் சாய்த்து வழியவிடுங்கள். மூக்கு நீளமாகக் குப்பிக்குள் இறங்கும் புனல் இங்கே நல்லது.

இன்னொன்று. கழுவிய ஈரத்தோடு தேன் புனலை எடுக்காதீர்கள். தேனில் நீர் 20 சதவீதத்தைத் தாண்டினால் புளிக்க ஆரம்பிக்கும். நம் ஊர்ப் பெட்டிகளில் வளர்க்கும் இந்தியத் தேனீயின் தேனில் ஏற்கெனவே ஈரம் கொஞ்சம் கூடுதல். புனலில் ஒட்டியிருக்கும் நாலு சொட்டுத் தண்ணீர் கடைசியாக அடைக்கிற குப்பிக்குப் போகாது, முதல் குப்பிக்குப் போகும். 'முதல் குப்பி மட்டும் ஏன் புளித்தது' என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில்.

## மூடி பிடிக்கவில்லை, இரண்டு வாரத்தில் பூசணம்

இந்தப் புகாரோடு வருபவரிடம் நான் புனலைக் கேட்பதில்லை. குப்பியைக் கேட்பேன்.

வாய் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் ஜாம் விளிம்பில் பட்டிருக்கிறது. மூடியின் உள்வளையம் கண்ணாடியில் உட்காராமல் ஜாமின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால் விளிம்பைத் துடைத்துவிட்டு மூடுங்கள். ஊறுகாயாக இருந்தால் எண்ணெய் ஒட்டியிருக்கும், துணியை வினிகரில் நனைத்துக்கொள்ளுங்கள். இத்தோடு பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்து, எவ்வளவு நிரப்பினீர்கள்? ஜாமுக்கு மேலே 6 மி.மீ. இடைவெளி, வினிகர் ஊறுகாய்க்கும் பாகில் போட்ட பழத்துக்கும் 12 மி.மீ. கழுத்துவரை நிரப்பினால், மூடிய குப்பியைத் தண்ணீரில் முக்கிக் கொதிக்கவைக்கும்போது பொங்கி விளிம்புக்கு வரும். நீங்கள் துடைத்ததெல்லாம் வீண். சில அகல மூக்குப் புனல்களில் இந்த இடைவெளியைக் காட்ட மூக்கில் படி வைத்திருப்பார்கள். அதை நம்பும் முன் ஒரு தடவை ஸ்கேலால் அளந்துவிடுங்கள்.

அப்புறம் மூடி. வீட்டில் பழைய ஜாம் குப்பிகளைச் சேர்த்து வைத்திருப்போம். குப்பியைத் திரும்ப எடுக்கலாம். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் போன்ற வளையத்தில் பழைய குப்பியின் தடம் பள்ளமாகத் தெரிந்தால் அந்த மூடி இனி பருப்பு டப்பாவுக்குத்தான். புது மூடி தனியாகவே விற்கிறார்கள், விலையும் பெரிதில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் விளிம்பு திரும்பத் திரும்ப அழுக்காகிறதா? இப்போது புனலைப் பார்ப்போம். நல்ல அகல மூக்குப் புனலின் மூக்கு குப்பிக்குள் இறங்கி விளிம்பை மறைத்து நிற்க வேண்டும். விளிம்பின் மேலேயே உட்கார்ந்தால் புனலை எடுக்கும்போது மூக்கின் நுனி விளிம்பில் ஒரு வட்டம் வரைந்துவிட்டுத்தான் வெளியே வரும்.

இணையத்தில் வாங்கும் புனல்கள் பெரும்பாலும் அமெரிக்க மேசன் குப்பிக்கு, அதாவது அங்கே வீட்டில் அடைக்கப் பயன்படுத்தும் திருகுமூடிக் கண்ணாடிக் குப்பிக்குச் செய்தவை. அந்தக் குப்பியில் சாதாரண வாயின் உள்விட்டம் கிட்டத்தட்ட 60 மி.மீ., அகன்ற வாய் 76 மி.மீ. நம் கடைகளில் கிடைக்கும் குப்பியை மூடியின் அளவால் சொல்வார்கள்: 53, 63, 70, 82. அது மூடியின் அளவு, வாயின் உள்ளளவு இல்லை. 63 என்ற குப்பியின் வாயை உள்ளே அளந்தால் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். மேசன் குப்பிக்கான 55 மி.மீ. மூக்கு அங்கே நுழையாது. போன வருடம் எங்கள் சித்தி மகள் இப்படித்தான் வாங்கி, அந்தப் புனல் இப்போது அவள் வீட்டில் அரிசி அள்ளுகிறது.

மூக்கின் வெளிவிட்டம் வாயின் உள்விட்டத்தைவிட 4 முதல் 6 மி.மீ. குறைவாக இருந்தால் நல்லது. காற்றும் போகும், ஆட்டமும் இருக்காது.

## புள்ளி புள்ளியாகத் துரு

"எவர்சில்வர் என்றுதானே தந்தான்" என்ற வருத்தம் இங்கே வரும். கடற்கரைப் பக்கம் இது அதிகம். மணவாளக்குறிச்சியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஜன்னல் கம்பியில் மாட்டிய புனல், என் வீட்டில் அலமாரிக்குள் இருக்கும் அதே புனலைவிட முன்னாலேயே பழுப்பானது. அவசரப்பட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். முதலில் தேய்த்துப் பாருங்கள்.

### தேய்த்தால் போய்விடுகிறது

சோடா உப்பைக் குழைத்து மென்மையான நாரால் தேயுங்கள். போய்விட்டு, ஒரு வாரம் கழித்தும் அந்த இடத்தில் வரவில்லை என்றால் துரு புனலுடையது இல்லை. இரும்பு நாரின் துணுக்கு ஒட்டித் துருத்திருக்கும், அல்லது உப்புக்காற்றின் கறை. இரும்பு நாரை நிறுத்துங்கள். கழுவியவுடன் ஒரு பழைய துவர்த்தால் (துண்டால்) துடையுங்கள். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், எவர்சில்வருக்கு அது உப்பைவிட மோசம்.

### போனாலும் அதே இடத்தில் திரும்ப வருகிறது

நகத்தால் சுரண்டுங்கள். குழி தட்டுப்பட்டால் உலோகமே அரித்திருக்கிறது. கல்லுப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்து ஊறிய புனலில் இப்படி வரும், அதிலும் மட்ட ரகத்தில் சீக்கிரம் வரும்.

ரகத்தைக் கண்டுபிடிக்கக் காந்தம் போதுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பாதிதான் போதும். காந்தம் 'டப்' என்று ஒட்டினால் அது நிக்கல் இல்லாத ரகம், ஊறுகாய்க்கு வேண்டாம். ஒட்டாவிட்டால் 304 என்ற ரகமாகவும் இருக்கலாம், 202 என்ற ரகமாகவும் இருக்கலாம். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. 304 இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202 இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். விலை குறைவு, உப்புக்குத் தாங்குவதும் குறைவு. சுருட்டிய விளிம்பில் மட்டும் காந்தம் லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம், வளைத்த இடத்தில் 304 கூட அப்படி இழுக்கும்.

'304' என்று முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் முத்திரை குத்த யாராலும் முடியும். நான் செய்யும் சோதனை: எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கரைத்துப் பஞ்சில் நனைத்து, மூக்கின் வெளிப்புறத்தில் ஒட்டி ஓர் இரவு வைப்பேன். காலையில் பழுப்பு இருந்தால் மட்டம் என்பது உறுதி. இல்லாவிட்டால் 304 தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நிச்சயம் தெரிய வேண்டுமானால் பழைய எவர்சில்வர் எடை போட்டு வாங்கும் பெரிய கடையில் கேளுங்கள். அவர்கள் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள், மாங்கனீஸ் கூடிய ரகம் சிவந்து காட்டும்.

குழி விழுந்த புனலைப் பட்டறையில் பாலிஷ் போட்டுத் தருவார்கள். பணம் கொடுக்காதீர்கள், மூன்று மாதத்தில் திரும்ப வரும். அந்தப் புனலை அரிசி, பருப்புக்கு மாற்றிவிடுங்கள்.

## புதுப் புனலைத் துடைத்தால் துணி கறுக்கிறது

தொழிற்சாலையில் மெருகு போட்ட பசை. சோப்பால் மட்டும் போகாது. சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டுக் கறுப்பு வராதவரை துடைத்து, பிறகு சோப்பும் வெந்நீரும். மூக்கின் உட்புறத்தை மறக்க வேண்டாம். வெள்ளைப் படலம் என்றால் போர்த் தண்ணீரின் சுண்ணாம்பு, வானவில் நிறம் என்றால் சூட்டில் வந்தது. இரண்டும் வினிகருக்குப் போகும், இரண்டாலும் கெடுதல் இல்லை.

சாம்பல் நிறமாக மங்கி, தூக்கினால் இறகு போல் இருந்தால் அது எவர்சில்வரே இல்லை, அலுமினியம். புளிப்புப் பட்டால் அரிக்கும். தகரப் புனலும் வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றிய பழைய புனலை எத்தனை கழுவு கழுவினாலும் ஊறுகாய் காட்டிக்கொடுத்துவிடும்.

## கழுவியபின்னும் போன வருட ஊறுகாய் மணம்

கூம்பும் மூக்கும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புக் கோடு தெரிந்தால் காது குடையும் பஞ்சுக்குச்சியால் அந்தக் கோட்டைத் துடையுங்கள்.

பஞ்சில் அழுக்கு வந்து கோடு மறைந்தால், பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் குட்டிப் பிரஷ்ஷால் தேய்த்தால் முடிந்தது.

கோடு போகவில்லை என்றால் அடுத்த சோதனை. மூக்கின் நுனியை விரலால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, வெளியே இணைப்பில் காகிதத்தை ஒட்டுங்கள். காகிதம் நனைந்தால் இணைப்பு முழுக்க உருகிச் சேரவில்லை. அங்கங்கே புள்ளி வைத்து ஒட்டிய புனல்களில் இது சகஜம். இடுக்கில் போன மசாலா வெளியே வராது, அடுத்த வருடக் குப்பிக்குள் பூசணமாகத்தான் வரும்.

இந்த இடத்தில் வீட்டு வைத்தியம் முடிந்தது. பசை போட்டு அடைக்க வேண்டாம், ஈயப்பற்று வைக்கவே வேண்டாம். ஈயம் புளிப்பில் கரையும். ஓட்டல் சமையலறை மேடை செய்யும் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் உண்டு, அங்கே கொண்டு போங்கள். உட்புறம் தேய்த்து வழவழப்பாகத் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரிய புனலுக்குத்தான் அந்தக் கூலி கட்டும். சின்னது என்றால் இணைப்பே இல்லாமல் ஒரே தகட்டில் அழுத்திச் செய்த புனலை வாங்கிவிடுவது மலிவு.

## சூடாக ஊற்றினால் குப்பி விரிசல் விடுகிறது

இதற்கும் புனலைத் திட்டுவார்கள், பாவம். கொதிக்கும் ஜாம், குளிர்ந்த குப்பி, கீழே ஈரமான கிரானைட் மேடை. குப்பியை ஊற்றும்வரை வெந்நீரிலேயே வைத்திருங்கள், எடுத்து மடித்த துணி அல்லது பலகை மேல் வையுங்கள். அப்படியும் விரிசல் விட்டால் குப்பியின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கரண்டி உரசிய கீறல் இருக்கும். அந்தக் குப்பி இனி சூட்டுக்கு வேண்டாம்.

## கை சுடுகிறது, புனல் கவிழ்கிறது

கைப்பிடி இல்லாத எவர்சில்வர் புனல் சுடத்தான் செய்யும். துணியால் பிடிக்கலாம், ஆனால் துணி ஜாமில் தொங்கும். கைப்பிடி உள்ளதே மேல், அதுவும் உருக்கி ஒட்டிய கைப்பிடி. ஆணி அடித்த கைப்பிடியில் ஆணித்தலை உட்புறம் வந்தால் அங்கேயும் மசாலா தங்கும்.

கவிழ்வது மேல்வாய் பெரிதாகவும் மூக்கு குட்டையாகவும் இருப்பதால். அரைக் கிலோ குப்பிக்கு 12 முதல் 14 செ.மீ. மேல்வாயும், குப்பிக்குள் குறைந்தது 2 செ.மீ. இறங்கும் மூக்கும் இருந்தால் கையை விட்டாலும் நிற்கும்.

## புனலை விட்டுவிட்டுப் பயப்பட வேண்டிய இடங்கள்

மூடி மேலே உப்பியிருக்கிறது, திறந்தால் 'புஸ்' என்று பொங்குகிறது, வாசனை மாறியிருக்கிறது: ருசி பார்க்காதீர்கள். நாக்கு நுனியால்கூட வேண்டாம். குப்பியோடு அப்புறப்படுத்துங்கள்.

கொதிக்கும் தண்ணீரில் முக்கி அடைக்கும் முறை, பி.எச். (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 க்குக் கீழே இருக்கும் புளிப்புப் பொருளுக்கு மட்டும்தான். குப்பிக்கு மேல் இரண்டரை சென்டிமீட்டராவது தண்ணீர் நிற்க வேண்டும். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் குறிப்பில் உள்ள நேரமே நமக்கும் சரி. கொடைக்கானலில் இருப்பவர்தான் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

அன்னாசிக்குப் புளிப்பு போதும். 2023 இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டிப்பழத்துக்குப் போதாது, சக்கைப்பழத்துக்கும் போதாது. எலுமிச்சைச் சாறு சேர்க்காமல் இவற்றை அடைத்து வெளியே வைக்க வேண்டாம். பி.எச். தாள் பட்டை வாங்கித் தோராயமாகப் பார்க்கலாம், விற்பதற்குச் செய்தால் மீட்டர் வேண்டும். எண்ணெயில் மூழ்கிய பூண்டு, வேகவைத்த காய், மீன், இறைச்சி எதையும் இந்த முறையில் அடைக்கவே கூடாது. அதில் வரும் நஞ்சு மணத்திலும் தெரியாது, நிறத்திலும் தெரியாது. 'குக்கரில் வைத்தால் சரியாகிவிடுமா' என்பார்கள். நம் சமையல் குக்கர் அதற்குச் செய்ததில்லை. விற்பனைக்குச் செய்யப் போகிறீர்கள் என்றால் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

## சரி, வாங்கியே ஆக வேண்டும் என்றால்

குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வடசேரியில் ஒரு கடையில் நான் குப்பியை எடுத்து வைத்ததும் கடைக்காரர், "இதை வாங்க மாட்டோம், அம்மா" என்றார். விஷயத்தைச் சொன்னபின் அவரே ஐந்து புனலை எடுத்து ஒவ்வொன்றாகக் குப்பியில் வைத்துப் பார்த்தார். நாலு உட்காரவில்லை. ஐந்தாவது உட்கார்ந்தது, அதில் காந்தம் ஒட்டியது. வாங்காமல் வந்துவிட்டேன்.